வேலை முடிந்து வந்த காரில் புதுச் சத்தம்: எங்கே தேடுவது, எப்போது நிறுத்துவது

ஒர்க்ஷாப்பில் வேலை முடிந்து வண்டியை எடுத்து வந்தாயிற்று. மறுநாள் காலை பானட்டுக்கடியில் முன்பு கேட்காத ஒரு சத்தம். போன் போட்டால் "ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்று பதில் வரும். தானாகச் செட் ஆகும் சத்தங்களும் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் ஓட்ட ஓட்ட வளரும்.

ஒர்க்ஷாப்புக்கு இப்படித் திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் கை பட்ட இடத்திலேயே கோளாறு இருக்கும்: இறுக்காத போல்ட், மாட்ட மறந்த ஹோஸ், சரியாக உட்காராத கிளிப். அதனால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். வாட்டர் பம்ப் மாற்றினார்கள் என்றால், அதற்காக வேறு எதையெல்லாம் கழற்றியிருப்பார்கள் என்று யோசியுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், சில வண்டிகளில் எஞ்சினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்ட், டைமிங் கவர். இவைதான் நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள்.

## இந்தச் சத்தம் என்றால் உடனே அணையுங்கள்

ஆயில் விளக்கு எரிந்துகொண்டே எந்தச் சத்தம் வந்தாலும் அணையுங்கள். "பக்கத்து ஒர்க்ஷாப் வரைக்கும்தானே" என்று ஓட்டாதீர்கள். பேரிங் போவதற்கு அந்தத் தூரமே போதும்.

எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனமான டொக் டொக், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகமும் கனமும் கூடினால், அணையுங்கள்.

டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது) வேலைக்குப் பிறகு உலோகத்தோடு உலோகம் மோதும் சத்தம், அல்லது எஞ்சின் குலுங்கியபடி ஓடுவது. மறுபடி ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்க வேண்டாம். பல எஞ்சின்களில் டைமிங் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோல் அல்லது டீசல் வாடை, டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவது, பெல்ட்டிலிருந்து நார் பிரிந்து பறப்பது: இவற்றோடு சத்தமும் சேர்ந்தால் முதலில் அணைத்துவிட்டு, பிறகு யோசிக்கலாம்.

## எதையும் கழற்றுமுன் செய்ய வேண்டியவை

மூன்று கேள்விகள். குளிர்ந்த எஞ்சினிலா, சூடானதிலா? நின்றபடி ரேஸ் பண்ணினால் வருகிறதா, ஓடும்போது லோடு விழுந்தால்தான் வருகிறதா? எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா, வண்டி வேகத்தோடா? கடைசிக் கேள்விக்கு, ஓடும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆர்பிஎம் இறங்கியும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது எஞ்சின் சத்தமே அல்ல. வீல் பேரிங், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போங்கள். இந்தக் குறிப்பு அதற்கு உதவாது.

போனில் பதிவு செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டைப் பதிவு செய்து வைத்திருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஒர்க்ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகிச் சத்தம் அடங்கியிருக்கும், "எங்கே சார் சத்தம்?" என்று கேட்பார்கள்.

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். முனையைச் சந்தேகப்படும் பாகத்தின் அசையாத பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். காற்று கசியும் சத்தத்துக்கு ஸ்க்ரூடிரைவர் உதவாது. ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இணைப்புகளின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். தளர்வான சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் திடீரெனச் சுற்றும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

ஆயில் லெவல் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. இதைச் சொல்லாமல் விட்டிருப்பேன், ஆனால் ஆயில் மாற்றிய மறுநாளே லெவல் தப்பாக இருக்கும் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர். குறைந்தாலும் சத்தம் வரும், கூடினாலும் வரும். கூடுதல் ஆயிலை, அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயில் வால்வைத் தள்ளும் லிஃப்டருக்குப் போனால் அது டிக் டிக்கென்று தட்டத் தொடங்கும்.

## அறிகுறி: கீச்... கீச்... (பெல்ட் பக்கம்)

பெல்ட், டைனமோ, ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் ஆகிய எதைத் தொட்டிருந்தாலும் முதல் சந்தேகம் பெல்ட்தான்.

### தண்ணீர்ச் சோதனை

செலவே இல்லாத சோதனை. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடட்டும். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து, தள்ளி நின்று பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சமாக அடியுங்கள். என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சத்தம் சில நொடி நின்று மறுபடி வந்தால்: புல்லிகள் (பெல்ட் சுற்றும் சக்கரங்கள்) ஒரே நேர்கோட்டில் இல்லை. பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும். எஞ்சினை அணைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு புல்லியிலும் பெல்ட்டின் விளிம்பைப் பாருங்கள். ஒரு புல்லியில் ஒரு வரி காலியாகவும் மறு விளிம்பில் பெல்ட் வெளியே தொங்கிக்கொண்டும் இருந்தால் கோளாறு இதுதான், பாகம் எதுவும் வாங்க வேண்டாம். பெல்ட் சரியாக உட்கார்ந்திருந்தால், புதிதாகப் போட்ட டைனமோ அல்லது பம்பின் புல்லி முன்பின் நிற்கிறதா என்று பாருங்கள். பிராக்கெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த ஒரு வாஷர் விட்டுப்போயிருந்தாலே போதும்.

சத்தம் கூடினால்: பெல்ட் வழுக்குகிறது. இறுக்கம் போதவில்லை, அல்லது டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டியில் ஐடிலிங்கின்போது அதன் கையைக் கவனியுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, முன்னும் பின்னும் துள்ளினால் டென்ஷனர் முடிந்தது.

எந்த மாற்றமும் இல்லையென்றால்: அது பெல்ட் அல்ல, ஏதோ ஒரு பேரிங். கீழே "உய்ங்" பகுதிக்குப் போங்கள்.

### சிந்திய கூலன்ட், ஆயில்

வாட்டர் பம்ப் மாற்றும்போது கூலன்ட் பெல்ட்டில் வழிந்திருந்தால் அது காய்ந்து பிசுபிசுத்துக் கீச்சிடும். புல்லிகளையும் பெல்ட்டையும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆயில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டுக்கென்று விற்கும் ஸ்ப்ரேயை நான் பரிந்துரைப்பதில்லை. சத்தம் ஒரு வாரம் மறையும், தூசி ஒட்டும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பும்.

### டைனமோ மாற்றிய பிறகு பெல்ட் துள்ளல்

பல வண்டிகளில், குறிப்பாக டீசலில், டைனமோ புல்லிக்குள் ஒரு திசையில் மட்டும் சுற்றும் கிளட்ச் இருக்கும். அதற்குப் பதில் சாதாரணப் புல்லி உள்ள டைனமோவைப் போட்டால் மாட்டும், சார்ஜும் ஆகும். ஆனால் டென்ஷனர் துள்ளும், பெல்ட் தட்டும், கொஞ்ச நாளில் டென்ஷனரும் போகும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

செட் ஆகுமா? புது பெல்ட் முதல் நாள் லேசாக முனகலாம். இரண்டாவது நாளும் கீச்சென்றால் ஆகாது.

எப்போது கூப்பிடுவது: டென்ஷனரைத் தளர்த்தத் தனி டூல் வேண்டியிருந்தாலோ, புல்லி நேர்கோட்டை அளக்க வேண்டியிருந்தாலோ. பம்பை ஓட்டுவது டைமிங் பெல்ட் என்றால் அந்தப் பக்கம் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

## அறிகுறி: ஸ்டார்ட் செய்தவுடன் கடகட, பிறகு அமைதி

ஆயில் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு நொடி கடகடத்தால் அது இயல்பு. காலி ஃபில்டர் நிறைந்து ஆயில் மேலே ஏற அவ்வளவு நேரம் ஆகும். தினமும் காலையில் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

### முதலில் ஃபில்டர்

எஞ்சின் நிற்கும்போது ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்க, பல ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். இரவு முழுக்க ஆயில் வடிந்து, காலையில் செயினும், வால்வைத் தள்ளும் டாப்பெட்டும் வறண்டு கிடக்கும். கம்பெனி ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள். பெரிய செலவு எதையும் பேசுவதற்குமுன் செய்ய வேண்டியது இது.

காகித ஃபில்டரை மட்டும் மாற்றி மூடியைத் திரும்ப மாட்டும் வகையா? பழைய காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் குழாயோ சின்ன ஓ-ரிங்கோ குப்பைக்குப் போயிருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திருகி மாட்டும் ஃபில்டரில் நேரெதிர்: பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது ஆயில் கசியும். சில சமயம் மொத்தமும் ஒரேயடியாக வெளியே கொட்டிவிடும். அடியில் ஈரம் தெரிந்தால் ஓட்ட வேண்டாம்.

### ஆயில் கனம்

மேனுவலில் உள்ள கனம் (கெட்டித்தன்மை) எது, பில்லில் எழுதியிருப்பது எது என்று ஒப்பிடுங்கள். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் நல்லது" என்று ஊற்றுபவர்கள் உண்டு. குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். சத்தமும் தாமதமாகத்தான் அடங்கும்.

### செயின் டென்ஷனர்

டைமிங் செயின் வேலை நடந்திருந்து, எஞ்சினின் முன்பக்கக் கவருக்குள்ளிருந்து செயின் உரசுவது போலச் சரசரவென்று கேட்டால் டென்ஷனர். புதுசுக்குள் ஆயில் நிறைய முதல் ஸ்டார்ட்டில் சில நொடி ஆகலாம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் வந்தால் டென்ஷனர் தன் பற்களில் விரியவில்லை, அல்லது பூட்டு ஊசியை எடுக்க மறந்துவிட்டார்கள். இதற்கு வீட்டுச் சோதனை கிடையாது. டோ செய்து எடுத்துப் போங்கள்.

## அறிகுறி: டிக் டிக் டிக், தையல் மெஷின் மாதிரி

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே மாதிரி கேட்கும் நான்கைந்து சத்தங்களில் ஒன்று ஸ்பேனரால் ஒரு திருப்பில் தீரும், இன்னொன்றுக்கு ஹெட் கவரைக் கழற்ற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு உதவும். ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு 13 தடவைக்குச் சற்று மேல் சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அதில் பாதி. ஒரே ஒரு வால்வு அல்லது ஒரே ஒரு சிலிண்டரிலிருந்து வரும் டிக் நொடிக்கு ஆறேழு. கை தாளத்தால் தொடர முடியும். அதைவிட இரண்டு மடங்கு வேகமாக அதிர்ந்தால் கிராங்கோடு சேர்ந்த பாகத்தில் தேடுங்கள்.

### பிளக்

பிளக் மாற்றிய பிறகு வந்த டிக் என்றால், இறுக்கம் போதாத பிளக்கின் ஓரமாகக் காற்றுப் பிதுங்குகிறது. சத்தத்தில் லேசான 'ஃபுஸ்' கலந்திருக்கும். பிளக் மேல் உட்கார்ந்திருக்கும் காயிலைத் தூக்கிப் பாருங்கள், பிளக் குழியில் கறுப்புப் படிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கையால் உட்காரும் வரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். வாஷர் இல்லாத கூம்பு வகை என்றால் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு மட்டும். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அது வேறு செலவு.

### எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு

குளிரில் பலமாகத் தட்டி, ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மறைந்தால் இதுதான். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மேனிஃபோல்டைக் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் வரும்: கேஸ்கட் பழையதையே போட்டது, ஒரு ஸ்டட் உடைந்தது, போல்ட்களை வரிசை மாற்றி இறுக்கியது.

ஆறிய எஞ்சினில் இணைப்பைச் சுற்றி டார்ச் அடியுங்கள். கசியும் இடத்தில் விசிறி விரித்தது போல் கரி படிந்திருக்கும். தெரியவில்லையென்றால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்னொருவர் கையுறை போட்டுக்கொண்டு, தடித்த துணியால் சைலன்ஸர் வாயைச் சில நொடி மட்டும் அமுக்கட்டும். கசிவு என்றால் டிக் சட்டென்று பெருசாகும். இந்தப் புகை கேபினுக்குள் வரக்கூடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

### ஹைட்ராலிக் லிஃப்டர்

ஹெட் வேலை அல்லது கேம் வேலைக்குப் பிறகு, லிஃப்டருக்குள் புகுந்த காற்று வெளியேறும் வரை டிக் டிக் வரும். இது நிஜமாகவே செட் ஆகும். ஐடிலிங்குக்குச் சற்று மேலே வைத்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கினால் ஒவ்வொன்றாக அடங்கும். ஓரிரு நாள் சாதாரணமாக ஓட்டியும் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால், அந்த லிஃப்டர் சிக்கியிருக்கிறது அல்லது அங்கே ஆயில் போகவில்லை.

### டாப்பெட் இடைவெளி

ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத எஞ்சின்களில் இடைவெளி அதிகமானால் தட்டும். சத்தம் போக வேண்டும் என்பதற்காக "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்று வற்புறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டும் டாப்பெட் எரிச்சல்தான் தரும். இறுக்கமான டாப்பெட் சத்தமே போடாமல் எக்ஸாஸ்ட் வால்வை எரித்துவிடும். வால்வு முழுதாக மூடாது, சூட்டை ஹெட்டுக்குக் கடத்த வழியில்லாமல் போகும். மேனுவலில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் செட் செய்து, அதற்குப் பிறகும் வரும் லேசான டிக்கை விட்டுவிடுங்கள்.

### ஒன்றும் செய்ய வேண்டாத டிக்

இன்ஜெக்டர்கள் இயல்பிலேயே டிக்கென்னும், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்னும் பலமாக. வேலைக்குப் பிறகு மேலே மூடியிருந்த எஞ்சின் கவரையோ அதன் பஞ்சையோ மாட்டாமல் விட்டிருந்தால், முன்பு கேட்காதது இப்போது கேட்கும். கவரை மாட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: டொக் டொக், கனமான சத்தம்

ஆயில் லெவல் சரி, விளக்கும் எரியவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். ஆயில் பிரஷர் மிகவும் கீழே இறங்கினால்தான் அந்த விளக்கு எரியும். சரியான பிரஷர் தெரிய வேண்டுமானால் சென்ஸரைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டி அளக்க வேண்டும். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. உங்கள் எஞ்சினின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் இறக்கிய வேலைக்குப் பிறகு வந்ததா? "பேரிங் போச்சு, எஞ்சின் இறக்கணும்" என்று யார் சொன்னாலும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஃபிளைவீல் போல்ட் தளர்ந்திருந்தால், ஆட்டோமேட்டிக்கில் ஃபிளெக்ஸ் பிளேட் விரிசல் விட்டிருந்தால் அல்லது டார்க் கன்வர்ட்டர் போல்ட் இறுகவில்லையென்றால், அப்படியே பேரிங் போன எஞ்சின் மாதிரியே தட்டும். கீழிருக்கும் சிறிய கவரைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

டைமிங் பெல்ட் வேலைக்குப் பிறகு, முன்பக்கத்திலிருந்து? கிராங்க் புல்லி போல்ட். அணைத்துவிட்டு, புல்லி கையில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், புல்லியைக் கிராங்க்கோடு பூட்டும் சாவிப் பள்ளம் அடிபட்டால் கிராங்கே பாழ். புல்லியின் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவிலுள்ள ரப்பர் பிரிந்திருந்தாலும் இதே சத்தம்.

மேட்டில் ஏறும்போது மட்டும், மணிகளைக் குலுக்கியது போல கிணுகிணுவென்று? அது பேரிங் அல்ல, எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது. சமீபத்தில் அந்த வெடிப்பைக் கண்டறியும் நாக் சென்ஸரைக் கழற்றியிருந்தால் அதன் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல சென்ஸர்களுக்கு அளவு 20 நியூட்டன் மீட்டர்தான். கூடினாலும் குறைந்தாலும் அது தப்பாகக் கேட்கும். குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டிருந்தாலும் இந்தச் சத்தம் வரும்.

எந்த சிலிண்டர் என்று பிரிக்க: பெட்ரோல் எஞ்சினில் ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகச் சில நொடி கழற்றிப் பார்ப்பது பழைய முறை. காயிலைக் கழற்றாதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் டொக் மட்டுப்பட்டால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் காமன் ரெயில் டீசலிலும் இன்ஜெக்டர் வயரில் அதிக வோல்டேஜ் ஓடும். அங்கே கை வைக்காமல், ஸ்கேனர் வழியாகச் சிலிண்டரை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆயிலை வடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால் வேறு சோதனை எதுவும் வேண்டாம். எஞ்சின் இறங்கித்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி: உஸ்ஸ், விசில், ஐடிலிங் ஏறி இறங்குவது

ஏதோ ஹோஸ் மாட்டவில்லை. பத்தில் எட்டு என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எண்ணி வைத்ததில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை ஒவ்வொரு கிளாம்ப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். பெட்டியின் மூடியில் ஒரு கிளிப் மாட்டாமல் இருந்தாலே உறிஞ்சும் சத்தம் வரும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் தவறாமல் பாருங்கள்; அது கழன்றிருந்தால் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், வண்டியை எடுக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் அடியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு விசில் ஒரு கணம் தடுமாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள், சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது தீ. கையில் வண்டியின் கணினியைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் டிரிம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஐடிலிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டல் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்துவிட்டால் காற்றுக் கசிவு உறுதி. பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்ற கோளாறுக் குறியீடு வந்திருந்தாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்; ஆக்ஸிஜன் சென்ஸரை விற்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள்.

டர்போ வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் உஸ்ஸென்று, இழுவையும் குறைந்து, டீசலில் கறும்புகையும் வந்தால் இன்டர்கூலர் ஹோஸ் கழன்றிருக்கிறது. கிளாம்ப் அடியில் எண்ணெய் பிசுக்கு தெரியும். ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் சத்தம் என்றால் அது டர்போவின் உள்ளே, ஓட்ட வேண்டாம்.

## அறிகுறி: லொடலொட, அல்லது கேபின் முழுக்க உறுமல்

லொடலொட என்றால் கீழே குனிந்து பாருங்கள். எக்ஸாஸ்ட்டின் வெப்பத் தகடு, எஞ்சினுக்கடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு, டிப்ஸ்டிக் குழாயின் பிராக்கெட். ஆறிய வண்டியில் ஒவ்வொன்றையும் முஷ்டியால் தட்டிப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும். அந்த அடித்தட்டில் 10 எம்எம் சாக்கெட் ஒன்று உருண்டுகொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உறுமல் வேறு. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்ந்து, அதைத் தாண்டியதும் போய்விடும். மவுண்ட்டைக் கழற்றிய எல்லா வேலைக்கும் பிறகு வரக்கூடியது. கிளட்ச் மாற்றி வந்த ஒரு வண்டி 2000 ஆர்பிஎம் பக்கம் காது அடைக்கும் அளவுக்கு உறுமியது; மூன்று மவுண்ட்டும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கையில் இருந்தது. மவுண்ட் போல்ட்களைக் கழற்றாமல் இரண்டு சுற்று தளர்த்தியதும், எஞ்சின் 'தம்'மென்று அரை விரல் அளவு பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்து சற்று ஓடவிட்டு, அணைத்துத் திரும்ப இறுக்கினோம். உறுமல் இல்லை. ரப்பரை முறுக்கிய நிலையில் இறுக்கியிருந்ததுதான் விஷயம். இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம், ஆனால் மவுண்ட் வாங்கச் சொன்னால் "முதலில் தளர்த்தி உட்கார வைத்துப் பாருங்கள்" என்று கேட்கலாம்.

சைலன்ஸர் பைப் பாடியில் எங்காவது முட்டுகிறதா, தொங்கும் ரப்பர் ஒன்று விடுபட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முட்டும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

## அறிகுறி: உய்ங், கர்ர் கர்ர்

கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? நியூட்ரலில் வைத்து மிதித்துப் பாருங்கள். மிதித்தால் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சீராக உரசினால், கியர்பாக்ஸை ஏற்றும்போது வளைந்த தகரத் தடுப்பு ஃபிளைவீலில் தேய்கிறது. நெம்பி நிமிர்த்தினால் முடிந்தது.

பெல்ட் பக்கமா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எஞ்சினை ஓடவிட்டால், சத்தம் நின்றதா இல்லையா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அந்தப் பெல்ட்டிலேயே ஓடுவதால் அதிக நேரம் விடக் கூடாது. இது வெளிப் பெல்ட்டுக்கு மட்டும். டைமிங் பெல்ட்டை ஒருபோதும் அல்ல. நின்றுவிட்டால், எஞ்சினை அணைத்து ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரப்பாக உணர்ந்தாலோ, ஆடினாலோ, தடையில்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ அந்த பேரிங்தான்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு, ஆர்பிஎம்மோடு ஏறும் உய்ங்? அதிகமாக இறுக்கிவிட்டார்கள். சூட்டில் இன்னும் இறுகும், பம்ப் பேரிங்கையும் சேர்த்துக் கொல்லும். செட் ஆகாது. அதே ஒர்க்ஷாப்பில் கவரைத் திறந்து இறுக்கத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். திறந்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்குகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் முனகல்? ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் காற்று. ரிசர்வாயரில் நுரை தெரியும். எண்ணெய் நிரப்பி, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் பொறுமையாக இருபது தடவை திருப்பினால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

## அறிகுறி: டீசலில் கிடுகிடு, இன்ஜெக்டர் வேலைக்குப் பிறகு

டீசல் ஃபில்டர் மட்டும் மாற்றியிருந்தால் காற்று வெளியேறும் வரை தட்டலாம், சில நிமிடத்தில் அடங்க வேண்டும். இன்ஜெக்டர் மாற்றிய பிறகு தொடர்ந்து தட்டினால் முதல் கேள்வி: புது இன்ஜெக்டரின் குறியீட்டை எஞ்சின் கணினியான ஈசியூவில் ஏற்றினார்களா? பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் அச்சிட்ட எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதை ஸ்கேனரில் ஏற்றாவிட்டால் எஞ்சின் பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே டீசலை அளக்கும். பாகம் எதுவும் வாங்காமலே தீரும் கோளாறு இது, கேட்கத் தயங்காதீர்கள்.

ஃபுஸ் ஃபுஸ் என்று வந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு படிந்தால் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிகிறது. வாஷரை மாற்ற வேண்டும், உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஹை பிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே 1000 பாருக்கும் மேலான அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

## அறிகுறி: டேஷ்போர்டுக்குள் கொடகொட

கூலன்ட் மாற்றிய பிறகு ஹீட்டருக்குள் காற்று. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து லெவலை நிரப்புங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள், காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் அதன் வழியாக வெளியேற்றுங்கள். ஒன்றிரண்டு தடவை நிரப்பியதும் நிற்க வேண்டும்.

ஹெட் கேஸ்கட் மாற்றிய வண்டியில், எத்தனை தடவை காற்றெடுத்தாலும் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரிலிருந்து புகை கூலன்ட்டுக்குள் வருகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு. பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறினால் ஹெட் மறுபடி கழற்றப்பட வேண்டும், செலவு முதலில் வேலை செய்தவருடையது. அந்தப் பேச்சு பேசுமுன் திரவம் நிறம் மாறுவதை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு ஒர்க்ஷாப்பில் எதையும் பிரிக்கவும் விடாதீர்கள், பிரித்த பிறகு கோளாறு யாருடையது என்று சொல்ல யாராலும் முடியாது.